எதிர்வீட்டு நம்பர்

சீனியம்மாள் வெளியூர் போய் முழுசாக ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெருவுக்குப் போவாள், போன வேகத்தில் திரும்புவாள். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போனவள், நாலாவது தரம் இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். தம்பி மகள் சடங்குக்குக்கூடப் போகவில்லை. மகன் ராம்கியின் கல்யாணம் மதுரையிலேயே நடந்ததால் தப்பித்தது. அதிலும் தாலி கட்டி முடித்த கையோடு ஆட்டோ பிடித்து ஆனையூருக்கு வந்து, வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பந்தியில் போய் உட்கார்ந்தாள். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்களோ, கேட்கவில்லை.

போன மாசிச் சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கும்பிடப் போயிருந்தபோது வீட்டில் களவு போய்விட்டது. நகை கொஞ்சம் போனது. அதைக்கூட அவள் பெரிசாகச் சொல்வதில்லை. பீரோவைத் திறந்து சேலைகளையெல்லாம் வாரித் தரையில் போட்டு, அதன் மேல் நடந்திருந்தார்கள். அவளுடைய முகூர்த்தச் சேலையில் ஒரு செருப்புத் தடம் அச்சடித்தது மாதிரி இருந்தது. நாலு தடவை அலசியும் அந்தச் சேலையை அவள் அதற்குப் பிறகு உடுத்தவில்லை.

அவள் புருஷன் முத்திருளன் முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். முகத்தைப் பார்த்தே பிக்பாக்கெட்டை அடையாளம் கண்டு, அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்ட ஆள். அவர் வீட்டிலேயே கை வைத்துவிட்டார்கள் என்பதில் அவருக்கு மானம் போயிருந்தது. இத்தனைக்கும் வீட்டில் அலாரம் இருந்தது. போனில் விளம்பரம் பார்த்து வாங்கி, அவரே ஏணி போட்டு மாட்டிய அலாரம். களவு நடந்தபோது அது அடிக்கத்தான் செய்தது. முக்கால் மணி நேரம் அடித்து, பேட்டரி தீர்ந்து ஓய்ந்தது. தெருவில் ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நல்ல தெரு, நல்ல மனுசங்க" என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அதற்குப் பிறகு எதிர்ப்படுகிறவர்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

இப்போது மறுபடி சிவராத்திரி வந்துவிட்டது. ராம்கி கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டான். மருமகள் ஆர்த்திகா குலசாமிக்கு வைக்கப் போகும் முதல் பொங்கல். அந்தப் பானையை மாமியார்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், இவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். சீனியம்மாள் போனை வாங்கி, "நீங்க போய்ட்டு வாங்கய்யா. நான் வீட்டுக்குக் காவல் இருக்கேன். பானைய உங்க பெரியம்மா எடுத்துக் குடுக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே பாத்திரம் விழுந்த சத்தத்தில் அவள் மனசு முத்திருளனுக்கு விளங்கியது. அவளுக்குப் போக ஆசை, வீட்டை விட்டுப் போகத்தான் பயம்.

அன்று சாயங்காலமே விளாங்குடிக்குப் போய், கேமராவும் அலாரமும் மாட்டும் கடை வைத்திருக்கும் தமிழ்வாணியைப் பிடித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு கொஞ்சம், வேலை நிறைய. மறுநாள் காலை ஸ்கூட்டியில் டிரில்லிங் மெஷினோடு வந்து இறங்கியவள், அலாரத்தைப் பார்க்காமல் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கூடத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் அது. அதற்கு நேர் எதிரே சாமி படம்.

"இங்க சாம்பிராணி போடுவீங்களாக்கா?"

"செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் போடுவேன்" என்றாள் சீனியம்மாள்.

"அப்ப இது கத்துமே?"

"கத்தும். அது பாட்டுக்குக் கத்தும், இவுக ஓடியாந்து அமத்துவாக."

தமிழ்வாணி சிரித்தாள். "சார், இது சூடு நகர்றதப் பார்த்துக் கத்துற சென்சார். இதுக்கு முன்னாடி கங்கோட தூபக்காலச் சுத்துனா, ஆள் வந்துருச்சுன்னுதான் நினைக்கும்."

தெருப் பிள்ளைகள் செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சத்தம் கேட்டால் "கண்டக்டர் வீட்டுக்குச் சாமி வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடுவது முத்திருளனுக்கு ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன சிவராத்திரி வெள்ளிக்கிழமை. களவு நடந்தது விளக்கு வைக்கிற நேரம். தெருவே சாம்பிராணி என்று நினைத்து அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறது. ஒரு வருஷமாக ஊரைத் திட்டியிருக்கிறார். ஊரைப் பொய்ச் சத்தத்துக்குப் பழக்கியது அவர் வீட்டுப் பெட்டி.

தமிழ்வாணி சென்சாரைக் கழற்றிப் பின்கதவுக்குப் போகும் நடையில் மாட்டினாள். சைரனை மொட்டைமாடி விளிம்பில், கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். கதவு ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்குக் காந்தம் ஒட்டினாள். கடைசியாக சிம் போட்ட ஒரு பெட்டி. கதவு திறந்தால் அது வரிசையாக ஐந்து பேருக்குப் போன் போடும். ஒருவர் எடுத்து ஒன்றாம் நம்பரை அமுக்கினால் நின்றுவிடும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும்.

"அஞ்சு நம்பர் குடுங்க சார்."

முத்திருளன் யோசிக்கவே இல்லை. பெரியப்பா மகன் கண்ணுச்சாமி, சித்தப்பா மகன்கள் இரண்டு பேர், அண்ணன் மகன் தமிழ்மாறன். நாலு பேரும் பங்காளிகள், நாலு பேர் வீடும் கூப்பிடு தூரத்தில். ஐந்தாவதாகத் தன் நம்பரையே சொன்னார்.

"இப்ப யாருக்கும் சொல்லாம ஒரு டெஸ்ட் பண்ணுவோம்" என்று தமிழ்வாணி பின்கதவைத் திறந்தாள். சைரன் அலறியது. பெட்டி போன் போட ஆரம்பித்தது.

கண்ணுச்சாமி உசிலம்பட்டிச் சந்தையில் கிடாய் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருந்த பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, "லோன் ஒன்னும் வேணாம்மா" என்று வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் சுவிட்ச் ஆஃப். மூன்றாவது ஆள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் போல, எடுக்கவில்லை. தமிழ்மாறன் எடுத்தான், கேட்டான், துண்டித்தான். அடுத்து முத்திருளனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவர் வீட்டு அலாரம் அவரையே கூப்பிடுகிறது. அதை வைப்பதற்குள் தமிழ்மாறன் லைனில் வந்தான்.

"சித்தப்பா, ஏதோ ஒரு நம்பர்லருந்து ஒரு பொம்பள கூப்பிட்டு இங்கிலீசுல மிரட்டுது. எடுத்துறாதீக, பணத்த உருவிருவாங்ய. நான் பிளாக் பண்ணிட்டேன்."

சீனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்ததால் முத்திருளனுக்குக் கோபம் வரவில்லை.

தமிழ்வாணி சிரிக்கவில்லை. "குரல மாத்திரலாம் சார், உங்க குரல்லயே பேசிப் பதிஞ்சிரலாம். இன்னொன்னு கேக்கணும். போன சிவராத்திரி அன்னிக்கு இந்த நாலு பேரும் எங்க இருந்தாங்க?"

"எங்க இருப்பாங்ய, கோயில்லதான். குலசாமிக்குப் பங்காளி வராம இருப்பானா?"

"வர்ற சிவராத்திரிக்கு?"

முத்திருளனுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குக் காவலாக அவர் சொன்ன ஐந்து பேரும் அன்றைக்கு ஒரே மரத்தடியில், ஒரே கிடாயைச் சுற்றி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி நிற்பார்கள். அங்கே சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காது.

"பங்காளியா இல்லாத ஒரு நம்பர் வேணும் சார். நீங்க இல்லாத அன்னிக்கு வீட்டுல இருக்கிற ஆள். நடந்து வர்ற தூரம்."

சீனியம்மாள் சன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். புருஷன் ஆண்டிச்சாமி லைன்மேன் வேலைக்குப் போய்விட்டால், பொழுது சாய்கிற வரைக்கும் அவள் அங்கேதான். அவள் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது முத்திருளன் வீட்டு கேட்.

"எதுத்த வீட்டுல கேக்கலாமுங்க" என்றாள் சீனியம்மாள்.

"பேர் சொல்லுங்க, பதிஞ்சுக்கிறேன்" என்றாள் தமிழ்வாணி, போனில் விரலை வைத்துக்கொண்டு.

இரண்டு பேருக்குமே அந்தப் பேர் தெரியாது. பதினோரு வருஷமாக எதிரெதிரே குடியிருக்கிறார்கள். முத்திருளன் வாயில் அவள் எப்போதும் 'எதுத்த வீடு'. அதற்கு மேல் ஒரு பேர் தேவைப்படவில்லை. அவர்கள் வேறு ஆட்கள். ஊரில் இருந்தபோது பழகிய அந்தத் தள்ளி நிற்றல் ஆனையூருக்கும் கூடவே குடி வந்திருந்தது. சிரிப்பார்கள், தண்ணி லாரி வந்தால் சொல்வார்கள், அதோடு சரி. வாசல் தாண்டியதில்லை. முத்திருளனுக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் தினம் ஏறிய பூக்காரியின் பேரன் பேர் வரைக்கும் தெரிந்து வைத்திருந்த ஆள் அவர்.

"நான் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

இருபது அடி ரோடு. அதைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கேட்டுக்கு வெளியே நின்று, "யம்மா" என்று கூப்பிட்டார்.

மெஷின் நின்றது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு அவள் வெளியே வந்தாள். "வாங்கண்ணே. என்ன, மறுபடியும் சத்தம் கேட்டுச்சே?"

"டெஸ்ட்டு பாத்தோம். சிவராத்திரிக்கு ஊருக்குப் போறோம்மா. வீட்டுல ஆள் இருக்காது. அலாரம் அடிச்சா ஒரு போன் வரும். உங்க நம்பரக் குடுத்தீகன்னா…"

அவள் கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டினாள்.

"போன வருசமும் எனக்குக் கேட்டுச்சுண்ணே. சாம்பிராணின்னுதான் மொதல்ல நினைச்சேன். ஆனா ரொம்ப நேரம் அடிச்சுச்சு. உங்க கேட்டு வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, திரும்பிப் போய்ட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"மறந்துட்டீக. நீங்க அந்த அலாரம் மாட்டுன மொத வாரம். இதே மாதிரி கத்துச்சு. நான் துணி வெட்டிக்கிட்டிருந்த கத்தரிக்கோலோட ஓடியாந்து கதவத் தட்டுனேன். நீங்க திறந்து, 'எங்க வீட்டுச் சத்தத்த நாங்க பாத்துக்கிருவோம்மா'ன்னீக."

அவள் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை, விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். முத்திருளனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு சொன்னதும், அவள் கையில் இருந்த கத்தரிக்கோலும்கூட. களவாணி பின்கதவை உடைப்பதற்கு முன்னாலேயே, வரக்கூடிய ஒரே ஆளை அவர் தன் வாயாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"தப்புத்தாம்மா" என்றார். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விடுங்கண்ணே. அக்கா அன்னையிலருந்து வீட்ட விட்டுக் கிளம்பாம இருக்கிறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். பூட்ட இழுத்து இழுத்துப் பாக்குறப்ப எனக்கே மனசு கேக்காது. நான் அன்னிக்கு ஒரு எட்டு வந்திருந்தா அவுகளுக்கு இப்படி ஆகியிருக்காதேன்னு." அவள் உள்ளே போய்த் தையல் ரசீதில் நம்பரை எழுதிக்கொண்டு வந்தாள். "சோணையம்மாள்னு போட்டுக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் தமிழ்வாணி அந்த நம்பரை முதலாவதாகப் போட்டாள். பிறகு போனை அவர் வாய்க்கு அருகில் நீட்டி, "பேசுங்க சார், பதியுது" என்றாள்.

"எச்சரிக்கை. வீட்டில் அலாரம் ஒலிக்கிறது. உடனடியாக வரவும்."

"பஸ் ஸ்டாண்டுல சொல்ற மாதிரி இருக்கு சார். ஆளக் கூப்பிடுங்க."

இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்: "சோணையம்மா, நான் எதுத்த வீட்டு முத்திருளன். வீட்டுல ஆள் இல்ல. கொஞ்சம் வந்து பாருங்கம்மா."

தமிழ்வாணி அதைப் போட்டுக் காட்டினாள். கண்டக்டராக இருந்தபோதுகூட அவர் குரல் அவ்வளவு தணிந்து ஒலித்ததில்லை என்று சீனியம்மாள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "பானைய நானே எடுத்துக் குடுக்குறேன்" என்றாள்.

சிவராத்திரி அன்று காலை வேனில் ஏறுவதற்கு முன் அவள் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கத்தான் செய்தாள். பழக்கம் ஒரு நாளில் போகுமா? ஆனால் நாலாவது தரம் திரும்பியவள், பூட்டுப் பக்கம் போகாமல் எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்து, "போய்ட்டு வாரேன்" என்று தலையாட்டினாள். உள்ளேயிருந்து தலையாட்டம் திரும்பி வந்தது.

கோயிலில் ஊர்ப்பட்ட கூட்டம். மூன்று கல் கூட்டி அடுப்புப் பற்றவைத்து, புதுப்பானையை மஞ்சள் தடவித் தயாராக வைத்திருந்தார்கள். ஆர்த்திகா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியாருக்காகக் காத்திருந்தாள். சீனியம்மாள் பானையில் கை வைக்கும்போது மணி நாலு. அப்போது முத்திருளனின் போன் அடித்தது.

சோணையம்மாள்.

சீனியம்மாளின் கை பானையிலிருந்து நழுவியது. ராம்கி பானையைப் பிடித்துக் கீழே வைத்தான். முத்திருளன் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணே, பதறாதீக. ஒன்னும் போகல. பின்கதவ ஒருத்தன் கம்பி வச்சு நெம்பியிருக்கான். சத்தம் கேட்டுச்சு, உங்க குரலும் வந்துச்சு. நான் கத்துன கத்துல தெருவே வந்துருச்சு. செவுரேறிக் குதிச்சு ஓடிட்டான்."

களவாணிக்கும் பஞ்சாங்கம் தெரியும், எந்தத் தெருவில் எந்தச் சாமிக்கு யார் போவார்கள் என்று. அவனுக்குத் தெரியாதது எதிர்வீட்டு நம்பர் ஒன்றுதான்.

"நான் கிளம்புறேன். வேன எடுக்கச் சொல்லுங்க" என்றாள் சீனியம்மாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

அது சோணையம்மாளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "அக்கா, எங்கயும் கிளம்பாதீக. உங்க கேட்டுக்குள்ளதான் நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன். பிளவுசுக்குக் கொக்கி வைக்கிற வேல நெறையக் கிடக்கு, அத எங்க உக்காந்து வச்சா என்ன? தமிழ்வாணி அன்னிக்கே எனக்கும் நம்பர் குடுத்துட்டுப் போனா, அவளுக்கும் போன் போட்டாச்சு, தாழ்ப்பாளச் சரி பண்ணிருவா. பிறகு எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிருவாரு. பொங்கப் பொங்கிருச்சா?"

"இன்னும் பானையே ஏத்தல" என்றாள் சீனியம்மாள்.

"ஏத்துங்க. பொங்குறப்ப எனக்குக் குலவை கேக்கணும். போன வைக்காதீக."

முத்திருளன் போனைப் பிடித்தபடி பாறை மேலேயே நின்றார். சீனியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, பானையை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். அவர் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். பங்காளிகள் நாலு பேரும் ஒன்றும் புரியாமல் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, புகை என்று சொல்லிக்கொண்டார்.

பங்குனியில் சோணையம்மாள் குடும்பத்துக்கு அவர்கள் ஊரில் பொங்கல் வந்தது. முத்திருளனுக்கு அது தெரியும். ஊருக்குப் போவதைச் சொல்லிக்கொள்வது இப்போது இரண்டு வீட்டுக்கும் வழக்கமாகிவிட்டது. கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, சீனியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, நான் எதுத்த வீட்டுச் சோணையம்மா. வீட்டுல ஆள் இல்ல. கொஞ்சம் வந்து பாருங்கண்ணே."

அதோடு எதிர்வீட்டு மாடியிலிருந்து சைரன் அலறியது. முத்திருளன் ஒன்றை அமுக்கிவிட்டு எழுந்தார். செருப்பைத் தேடினார், ஒன்றுதான் கிடைத்தது, அதையும் உதறிவிட்டு ஓடினார். அறுபது வயசு முழங்கால் முனகியது. அவருக்கு முன்னால் ஒருத்தி ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். சீனியம்மாள். கையில் அரிவாள்மணை.

எதிர்வீட்டு வாசலில் சோணையம்மாளும் தமிழ்வாணியும் நின்றுகொண்டிருந்தார்கள். தமிழ்வாணி போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரெண்டு செகண்டு" என்றாள். "இங்கயும் ஒரு பெட்டி மாட்டியாச்சு. டெஸ்ட்டுதான் சார். சொல்லிட்டுச் செஞ்சா டெஸ்ட்டு இல்ல."

"அக்கா, அருவாமணையக் கீழ வைங்க" என்றாள் சோணையம்மாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சீனியம்மாள் மூச்சு வாங்கியபடி அரிவாள்மணையைப் பார்த்தாள், தானும் சிரித்தாள். "உள்ள வாங்க. காப்பி போட்டு வச்சிருக்கேன்" என்று சோணையம்மாள் கூப்பிட்டாள்.

சீனியம்மாள் படியேறினாள். முத்திருளன் பின்னாலேயே ஏறப் போனவர், ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு கேட் திறந்து கிடந்தது. வாசல்கதவும் ஆவென்று திறந்து கிடந்தது. கூடத்துக் காற்றாடி சுற்றுவது இங்கிருந்தே தெரிந்தது.

"சீனி, கதவ…" என்று ஆரம்பித்தார்.

அவள் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். "கெடக்கட்டும். இங்கருந்தே தெரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.